மேடையிலிருந்து கேமராவுக்கு முன்னால், அங்கிருந்து பின்னால்: சேலத்து நாடக நடிகைகள் கேட்கும் கேள்விகள்

சேலம், ஏற்காடு, ஆத்தூர், மேட்டூர்ப் பக்கத்தில் கல்லூரி நாடகம், திருவிழா நாடகம், கூத்து, நவீன நாடகம் என்று ஏதாவது ஒரு மேடையில் ஏறிப் பழகிய பெண்களுக்காக எழுதியது இது. நடிப்போடு நிற்காமல் படம் எடுக்கவும் நினைப்பவர்களுக்கான பதில்கள் பிற்பாதியில் உள்ளன.

நாடகத்திலிருந்து வந்தால் 'ஓவர் ஆக்டிங்' வரும் என்கிறார்களே, உண்மையா?

முதல் சில நாட்களுக்கு உண்மைதான். காரணம் தூரம். மேடையில் கடைசி வரிசைக்காரர் இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பார். அவருக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்றே உடம்பு பழகியிருக்கும். கேமராவுக்கு முன்னால் அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது லென்ஸ்.

வீட்டிலேயே பழகலாம். "அம்மா, நான் கிளம்பறேன்" என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் நிற்கும் அம்மாவுக்குச் சொல்வதுபோல் ஒருமுறை, சமையலறையில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் ஒருமுறை, பக்கத்தில் படுத்திருப்பவர் காதோரம் ஒருமுறை. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்த போனில் எடுத்துப் பாருங்கள். முழு இடமும் தெரியும் வைட் ஷாட்டுக்கு முதலாவது, இடுப்புவரை தெரியும் மிட் ஷாட்டுக்கு இரண்டாவது, முகம் மட்டும் தெரியும் குளோஸுக்கு மூன்றாவது ஏறக்குறையப் பொருந்தும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குரலைக் குறைக்கச் சொன்னால் மனதில் உள்ள வேகத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். முகம் செத்துப்போகும். 'இயல்பான நடிப்பு' என்ற பெயரில் இப்போது நிறைய நடப்பது இதுதான். அம்மாவைப் பிரியும் தவிப்பு மூன்று முறையும் ஒரே அளவுதான், வெளியே வரும் ஒலியும் அசைவும் மட்டும் மாறுகின்றன. ஷாட்டுக்கு முன் கேமராமேனிடம் "என்ன சைஸ் சார்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். இடுப்புவரை என்றால் கைகளும் பேசலாம். முகம் மட்டும் என்றால் கை என்ன செய்தாலும் வீண், தோள் ஆடுவதுதான் தெரியும்.

செட்டில் பேசும் சொற்கள் புரியாமல் விழிக்க வேண்டியிருக்கிறதே?

முதல் நாளுக்கு இவை போதும். 'டேக்' என்றால் காட்சியைப் பதிவுசெய்யும் ஒரு முறை. 'மானிட்டர்' என்றால் டேக்குக்கு முன் கேமராவோடு பார்க்கும் ஒத்திகை. 'லுக்' என்பது கண் பார்க்க வேண்டிய திசை. 'லுக் லெஃப்ட்' என்றால் கேமராவுக்கு இடப்பக்கம். 'சஜஷன்' என்பது எதிரில் நிற்பவரின் தோளோ தலையோ ஓரத்தில் தெரிய உங்கள் முகத்தை எடுப்பது. 'மார்க்' தரையில் ஒட்டும் டேப். 'பேட்டா' அன்றாடப் படி. 'கால்ஷீட்' நீங்கள் ஒப்புக்கொண்ட நேரம். 'பேக்-அப்' என்றால் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது, அதைச் சொல்லும்வரை உடை மாற்றாதீர்கள்.

லுக்கைப் பற்றி ஒரு விஷயம். எதிரே இருப்பவரின் இரண்டு கண்களையும் மாறிமாறிப் பார்ப்பது மேடையில் யாருக்கும் தெரியாது. குளோஸில் உங்கள் கருவிழி அலைபாய்வது பெரிதாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஒரு கண்ணை மட்டும் பாருங்கள்.

கன்டினியூட்டி ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது?

ஒரே காட்சியைத் தனித்தனி ஷாட்டாக எடுக்கும்போது அசைவும் பொருளும் மாறாமல் இருப்பதுதான் கன்டினியூட்டி. ஒரு டம்ளர் காபியை வைத்துச் சொல்கிறோம். மேடையில் டம்ளர் காலியாகவே இருக்கும், குடிப்பதுபோல் பாவனை போதும். படத்தில் காலி டம்ளரைத் தூக்கும் மணிக்கட்டு உடனே காட்டிக்கொடுக்கும், கனமே இருக்காது. ஆகவே உண்மையான காபி. இப்போது "அண்ணன் நேத்தே வந்துட்டார், உன்கிட்ட சொல்லலையா?" என்ற வரியில் 'வந்துட்டார்' முடிந்ததும் ஒரு மடக்குக் குடித்து, 'சொல்லலையா'வில் டம்ளரைக் கீழே வைக்கிறீர்கள். இது வைட். அரை மணி நேரம் கழித்துக் குளோஸ் எடுக்கும்போது 'உன்கிட்ட'வில் குடித்தால், எடிட்டர் இரண்டையும் ஒட்டும் இடத்தில் டம்ளர் தாவும். உங்கள் நல்ல டேக் குப்பைக்குப் போகும். உதவி இயக்குநர் குறித்து வைத்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்காமல் வசனத் தாளில் நீங்களே எழுதிவையுங்கள்: எந்தக் கை, எந்தச் சொல், டம்ளரில் எவ்வளவு. ஒவ்வொரு டேக்குக்கும் அதே மட்டத்துக்குக் காபி ஊற்றச் சொல்லுங்கள். பத்து டேக் போனால் பத்து மடக்கு. முதல் வைட்டிலேயே ஆசையாகப் பாதி டம்ளரைக் காலி செய்துவிட்டால் மதியம் வரை குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடவுக்குக் கால் வைத்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும். எந்தச் சொல்லில் எந்த அசைவு என்பது ஏற்கெனவே அவர்கள் உடம்பில் இருக்கும் கணக்கு.

மார்க்கில் நின்றும் 'ஃபோகஸ் போச்சு' என்கிறார்களே?

முன்னால் சாய்ந்திருப்பீர்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளையின் அளவு எஃப் 2.8, உங்களுக்கும் கேமராவுக்கும் ஒன்றரை மீட்டர் என்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 5 செ.மீ. மட்டுமே. மூன்று விரல் அகலம். கோபத்தில் தலையை முன்னால் நீட்டுவது மேடைப் பழக்கம், இங்கே கண் மங்கிவிடும். சாய்வது காட்சிக்குத் தேவை என்றால் மானிட்டரிலேயே அதைச் செய்து காட்டுங்கள், ஃபோகஸ் பார்ப்பவர் கூடவே வருவார். மானிட்டரில் ஒன்று, டேக்கில் வேறொன்று என்றால் அவருக்கு வழியில்லை. நடந்துவந்து மார்க்கில் நிற்க வேண்டுமானால் மார்க்கிலிருந்து பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணி, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். குனிந்து டேப்பைத் தேட வேண்டியிருக்காது.

வசனம், டப்பிங், சிங்க் சவுண்ட்: எதற்குத் தயாராக வேண்டும்?

மூன்றுக்கும். டப்பிங் வைத்து எடுக்கும் படங்களில் உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து வசனத்தை 'பிராம்ப்ட்' செய்வார். கேட்டுக்கொண்டே பேசும்போது ஒவ்வொரு வரிக்கு முன்னும் கண்ணில் ஒரு சின்னக் காத்திருப்பு வரும். முழுநீள நாடகத்தை மனப்பாடம் செய்தவர்கள் அதற்கு இறங்கிவர வேண்டியதில்லை, "பிராம்ப்ட் வேண்டாங்க" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். படப்பிடிப்பின்போதே குரலையும் பதிவுசெய்யும் சிங்க் சவுண்டில் பிராம்ப்ட்டுக்கே இடமில்லை.

சிங்க் சவுண்டில் உடை ஒரு பெரிய பிரச்சினை. உடையில் குத்தும் சின்ன லேப்பல் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே வைப்பார்கள். கஞ்சி போட்ட பருத்தியும் பட்டும் சரசரக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திப் புடவை நல்லது. தாலிச் சரடு மைக்கில் இடிக்கும், ஒரு துண்டு மருத்துவ டேப்பால் உடம்போடு ஒட்டிவிடுங்கள். வளையலும் கொலுசும் வசனத்தின்மேல் ஏறும். சேலத்துக்காரர்களுக்குக் கொலுசைக் கழற்றச் சொன்னால் மனசு வராதுதான். கால் தெரியாத ஷாட்களில் கழற்றிவிட்டு, காட்சி முடிந்ததும் கொலுசு போட்டு நடக்கும் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவுசெய்துகொண்டால் எடிட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

டப்பிங் அறையில், எடுத்த காட்சியைத் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். உதட்டை மட்டும் பார்த்தால் குரல் தட்டையாகும். படப்பிடிப்பில் ஓடிவந்து பேசியிருந்தால் இங்கேயும் நின்ற இடத்தில் குதித்து மூச்சிரைக்கப் பேசுங்கள். உங்கள் குரலை வேறொருவர் பேசுவார் என்று ஒப்பந்தத்துக்குப் பிறகு தெரியவந்தால் அதிர்ச்சியாக இருக்கும். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிஷன் வீடியோவை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

போனைப் படுக்கைவாக்கில், கண் உயரத்தில், அசையாமல் வையுங்கள். பரண் ஏணிப்படி போதும். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். பின்னால் ஒரே நிறச் சுவர். மார்புவரை தெரியும் அளவு. முதலில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், 15 விநாடிக்குள். பிறகு காட்சி, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எதிர்வசனம் படிப்பவர் லென்ஸுக்கு ஒட்டி நின்று உங்களைவிடத் தாழ்ந்த குரலில் படிக்க வேண்டும், இல்லையென்றால் வீடியோ அவருடைய ஆடிஷன் ஆகிவிடும். மேடை மேக்கப் கூடவே கூடாது. புகைப்படம் மூன்று: முகம், இடுப்புவரை, முழு உருவம். ஃபில்டர் இல்லாமல்.

பேச்சில் சேலத்து வாடை இருந்தால் மறைக்காதீர்கள். ஒரு டேக் அப்படியே, இன்னொன்று பொதுத் தமிழில் அனுப்பலாம்.

ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

ஆடிஷனுக்கோ 'போர்ட்ஃபோலியோ' என்ற பெயரிலோ பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தருவார். சந்திப்பு அலுவலகத்தில், பகலில், துணையோடு. சின்னப் படமானாலும் எழுத்தில் வாங்க வேண்டியவை: மொத்தச் சம்பளம், எத்தனை நாள், டப்பிங் அதில் சேர்த்தியா, நாள் கூடினால் எவ்வளவு, பயணம் தங்குமிடம் யார் செலவு, டைட்டிலில் பெயர், நெருக்கமான காட்சி உண்டா, உண்டென்றால் என்ன வரை. சம்பளத்தின் ஒரு பகுதியை டப்பிங்குக்கு முன் வாங்கிவிடும் வழக்கம் அனுபவத்தில் வந்தது. டப்பிங் முடிந்த பிறகு போனை எடுப்பவர்கள் குறைவு.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) படப்பிடிப்புக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன யூனிட் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும்.

சென்னைக்குக் குடிபோயே ஆக வேண்டுமா? எங்கே படிக்கலாம்?

நடிக்க மட்டும் என்றால் முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு வேண்டியதில்லை. இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. வீடியோ ஆடிஷன் வந்த பிறகு வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருப்பதில் அர்த்தம் குறைந்துவிட்டது. படிப்பு என்றால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் உண்டு. நாடகத்திலேயே ஆழமாகப் போக டெல்லி தேசிய நாடகப் பள்ளி மூன்று வருடம். அங்கே பட்டப்படிப்பும் மேடை அனுபவமும் கேட்பார்கள். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பழகிவிட்டுத் திரைக்கு வந்தவர்கள் பலர்.

இந்த வழியில் முன்னால் போன பெண்கள் யார்?

முதல் பெயர் டி.பி. ராஜலட்சுமி. சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்'ஸில் கதாநாயகியாகி, 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். தமிழின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். மேடை, நடிப்பு, இயக்கம் மூன்றும் பேசும்படம் தொடங்கிய ஐந்தே வருடத்துக்குள். பி. பானுமதி 1953-ல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கினார். நாடகமும் நடனமுமாக வளர்ந்த சாவித்திரி 1968-ல் தெலுங்கில் இயக்கத் தொடங்கினார். சுஹாசினியின் வழி தலைகீழ். ஒளிப்பதிவு படித்து, கேமரா உதவியாளராக இருந்து, நடிகையாகி, 1995-ல் 'இந்திரா'வை இயக்கினார்.

சேலத்துக்கும் இதில் பங்குண்டு. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இங்கே இருந்தபடியே நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மு. கருணாநிதியின் மேடை நாடகமான 'மந்திரிகுமாரி' 1950-ல் படமானது அங்கேதான். இப்போது ஏற்காடு சாலையில் மிஞ்சியிருப்பது அதன் நுழைவாயில் வளைவு. அதன் முன்னால் செல்ஃபி எடுக்காத சேலத்துச் சினிமாக்காரர் இல்லை.

நடிகையாக இருந்துகொண்டே இயக்கத்தைக் கற்க எங்கே தொடங்குவது?

எடிட்டிங்கில். உதவி இயக்குநராகச் சேருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் தேவைதான், ஆனால் கிளாப் அடித்து, பிராப்பர்ட்டி தேடி ஓடும் ஆறு மாதத்தில் கற்பதைவிட, நீங்களே எடுத்த மோசமான ஐந்து நிமிடத்தை ஒரு வாரம் வெட்டிப் பார்ப்பதில் அதிகம் தெரியவரும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். ஷாட்டை அரை விநாடி முன்னால் வெட்டினால் கோபம் எப்படித் தயக்கமாக மாறுகிறது என்று பார்த்தவர், அடுத்த முறை நடிக்கும்போது வசனம் முடிந்ததும் முகத்தை விட்டுவிட மாட்டார். 'கட்' சொன்ன பிறகும் இரண்டு விநாடி பாத்திரத்திலேயே இருக்கும் நடிகையை எடிட்டர்களுக்குப் பிடிக்கும்.

நாங்கள் போட்ட நாடகத்தையே குறும்படமாக்கலாமா?

நல்ல தொடக்கம். ஆனால் அப்படியே எடுத்தால் மேடையைப் படம் பிடித்ததுபோல் இருக்கும். முதல் வேலை, வசனத்தைப் பாதியாக்குவது. மேடையில் "அப்பா இறந்து மூணு வருஷமாச்சு, இன்னும் அந்தக் கடனை நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லியே ஆக வேண்டும். படத்தில் மாலை போட்ட புகைப்படம் ஒரு ஷாட், அடகுக்கடை ரசீதை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைக்கும் கை ஒரு ஷாட். வசனம் தேவையில்லை. இரண்டாவது, வெளியே நடந்ததாகச் சொல்லப்படுவதில் எதை நேரில் காட்டலாம் என்று பார்ப்பது. மூன்றாவது, யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் முடிவுசெய்வது. மேடையில் பார்வையாளர் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்வார், இங்கே நீங்கள்தான் அவர் கழுத்தைத் திருப்புகிறீர்கள்.

நாடகம் வேறொருவர் எழுதியது என்றால் படமாக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். நாடகம் போட அனுமதித்ததும் படம் எடுக்க அனுமதித்ததும் ஒன்றல்ல.

ஏற்காட்டில் இரண்டு நாளில் பத்து நிமிடக் குறும்படம் எடுக்க முடியுமா?

முடியும், மலையின் குணம் தெரிந்தால். சிறிய யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு 20 ஷாட் நடைமுறைக் கணக்கு, இரண்டு நாளில் 40. எட்டுப் பேர் என்றால் மூன்று வேளை, இரண்டு நாள், 48 சாப்பாடு. பட்ஜெட்டில் முதலில் இதை எழுதுங்கள், கேமரா வாடகையைப் பிறகு. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் கிளம்பி ஏறினால் யாராவது ஒருவர் வாந்தியெடுத்து வெளிறிப்போய் வருவார், அவர் பெரும்பாலும் நடிகராக இருப்பார். முந்தின நாள் மாலையே போய்த் தங்குங்கள். கோடை விழா நடக்கும் மே மாதத்தையும் வார இறுதிகளையும் தவிருங்கள். வண்டிச் சத்தத்தில் சிங்க் சவுண்ட் எடுபடாது.

மூடுபனிதான் பெரிய சோதனை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கால் மணி நேரத்தில் எதிர்மேடு காணாமல் போகும். ஒருவர் குளோஸ் வெயிலிலும் மற்றவர் குளோஸ் பனியிலும் எடுத்தால் வெட்டி ஒட்டவே முடியாது. ஆகவே வெளிப்புறக் காட்சியில் வைட் எடுத்த கையோடு இரண்டு குளோஸையும் எடுத்துவிடுங்கள். 'இன்னும் அழகாக ஒரு ஆங்கிள்' எல்லாம் அதற்குப் பிறகு. பனி இறங்கிவிட்டால் எடுக்க, வீட்டுக்குள் நடக்கும் ஒரு காட்சியைத் தயாராக வைத்திருங்கள். பனியோடுதான் எடுக்க வேண்டும் என்றால் நடிகரைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவாருங்கள், தூரம் போகப்போக முகம் வெளுக்கும்.

காபிப்பூவைக் கதையில் எழுதாதீர்கள். கோடை மழைக்குப் பிறகு தோட்டமே வெள்ளையாகப் பூக்கும், சில நாளிலேயே வாடிவிடும். இரண்டாம் கட்டப் படப்பிடிப்புக்குப் போனால் பச்சை இலைதான் மிஞ்சியிருக்கும். குரங்குகள் உணவுப் பையையும் மேக்கப் பெட்டியையும் ஒன்றாகவே பார்க்கும், காவலுக்கு ஒருவர் வேண்டும். சாயங்காலம் சில்வண்டுச் சத்தம் தொடங்கினால் வசனக் காட்சியை நிறுத்திவிடுங்கள். குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் ஈரம் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டால் சரியாகும்.

அனுமதி இடத்துக்கு இடம் வேறு. தனியார் எஸ்டேட்டுக்கு உரிமையாளர் கடிதம், காப்புக்காட்டுக்கு வனத்துறை, சாலையில் எடுக்கக் காவல்துறை, அரசுப் பூங்கா, படகுத்துறைக்கு அந்தந்தத் துறை. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழில்முறையில் பறக்கவிட ரிமோட் பைலட் சான்று வேண்டும்.

என் முதல் படத்தில் நானே நடிக்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதல் படத்தில் கேமராவுக்குப் பின்னால் மட்டும் நில்லுங்கள். இரண்டாவதில் நடிக்கிறீர்கள் என்றால் மூன்று ஏற்பாடு. உங்கள் உயரத்தில் ஒருவரை நிறுத்தி லைட்டிங்கை முடிப்பது. உங்கள் முகத்தில் பொய் வந்தால் சொல்லத் துணிந்த ஒருவரை மானிட்டர் திரைக்கு முன் உட்கார வைப்பது. உங்கள் குளோஸைக் கடைசிக்குத் தள்ளாமல் இருப்பது. இயக்குநர்-நடிகைகள் மற்றவர்களுக்கெல்லாம் நேரம் கொடுத்துவிட்டு, வெளிச்சம் இறங்கும் நேரத்தில் தங்கள் முகத்தை இரண்டு டேக்கில் முடித்துக்கொள்வார்கள். பிறகு எடிட்டில் உட்கார்ந்து வருந்துவார்கள்.

எடுத்ததைப் பத்திரப்படுத்துவதும் திரையிடுவதும்?

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. பத்து நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்திருப்பீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, ஒவ்வொரு கோப்பையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கும் ஒரே காரில் மலையிறங்கக் கூடாது.

யூடியூபில் போட சென்சார் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் டிக்கெட் போட்டுத் திரையிடத் தேவை. 2023 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கச் சொல்லும் யு.ஏ. பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பல விழாக்கள் இணையத்தில் வந்துவிட்ட படத்தை ஏற்பதில்லை, எனவே விழாக்களுக்கு அனுப்பி முடிவு தெரிந்த பிறகு பதிவேற்றுங்கள். தியேட்டர் புரொஜெக்டரில் ஓட்டும் டி.சி.பி. என்ற டிஜிட்டல் கோப்பை விநாடிக்கு 24 ஃபிரேமில், 1998க்கு 1080 அல்லது 2048க்கு 858 அளவில் தயாரிக்க வேண்டும். போனில் 25 ஃபிரேமில் எடுத்துவிட்டுக் கடைசியில் மாற்றினால் படம் நான்கு சதவீதம் மெதுவாகும், பாட்டின் சுருதியும் இறங்கும். முதல் ஷாட்டுக்கு முன்பே கேமராவில் 24 வைத்துவிடுங்கள்.